முதல் இரண்டு ரேக்கும் ஏன் கைநழுவுகின்றன?

கேள்வி: எனக்கு 29 வயது, சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். நண்பர்களோடு நைன்-பால் என்ற பூல் மேசை ஆட்டத்தின் லீக் ஒன்றில் ஆடுகிறேன். முதலில் 7 ரேக், அதாவது 7 சுற்று, எடுப்பவர் வெற்றி. பயிற்சியில் நன்றாகவே வருகிறது. போட்டியில் மட்டும் முதல் இரண்டு ரேக் போன பிறகுதான் கை என் பேச்சைக் கேட்கிறது, அதுவரை நடுக்கம்தான். எனக்கென்று சில பழக்கங்கள் உண்டு: நெற்றியில் விபூதி, பந்தை அடிக்கும் கோலான கியூவின் அடிக்கட்டையிலும் கொஞ்சம், முன்பு ஜெயித்த அன்று போட்டிருந்த டி-ஷர்ட், எம்ஆர்டி ரயிலில் ஒரே பாட்டு, ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்து, அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் பிரேக் அடி முழு பலத்தோடு ஐந்தாறு. அடுத்த ஆட்டம் ஞாயிறு மாலை 5 மணிக்கு. அம்மா ராகுகாலம் என்கிறார். நண்பர் ஒருவர் நடுக்கத்துக்கு ப்ரோப்ரானலால் அரை மாத்திரை போடச் சொல்கிறார். எதை வைத்துக்கொள்ள, எதை விட?

பதில்: மாத்திரையை முதலில் முடித்துவிடுவோம். ப்ரோப்ரானலால் பீட்டா பிளாக்கர் வகை மருந்து. இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும். அதனால்தான் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு பில்லியர்ட்ஸ் வகை ஆட்டங்கள் அனைத்திலும் போட்டி நேரத்தில் அதைத் தடை செய்திருக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தில் கொண்டுபோய் விடும். மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டிய மருந்து அது. நண்பரின் டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவது அல்ல. வேறு நோய்க்காக உங்கள் மருத்துவரே கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். போட்டி நடத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லி, மருத்துவ விலக்குக்கு என்ன வழி என்று கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. முதல் இரண்டு ரேக்கும் போவதை மனப்பிரச்சினை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அது பாதிதான். பத்து நிமிடத்துக்கு முன் வந்து, பிரேக் மட்டும் அடித்துவிட்டு ஆட்டத்தில் இறங்குகிறீர்கள். மேசைத் துணி வேகமா மந்தமா, விளிம்பில் உள்ள குஷன் பந்தை எப்படித் திருப்புகிறது, மேசை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையெல்லாம் எப்போது தெரிந்துகொள்கிறீர்கள்? முதல் இரண்டு ரேக்கில். அந்தப் பாடத்துக்குக் கட்டணமாக இரண்டு ரேக்கைக் கொடுக்கிறீர்கள். மூன்றாவது ரேக்கில் கை அடங்குவதற்கு மனசு அடங்கியது மட்டும் காரணமில்லை, மேசை பிடிபட்டுவிட்டது. தெரியாத மேசையில் கை நடுங்கத்தான் செய்யும்.

ஆகவே பழக்கங்களைப் பிரிக்க ஒரே அளவுகோல் போதும்: இதைச் செய்தால் மேசையையோ, கியூவையோ, என் உடம்பையோ பற்றி எனக்கு ஏதாவது தெரியவருகிறதா, அல்லது ஏதாவது சரியாகிறதா? ஆம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதை மேசைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒழிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

விபூதி நெற்றியோடு இருக்கட்டும். கியூவில் வேண்டாம். நுண்ணிய சாம்பல் வியர்வையோடு குழைந்து கைப்பிடியில் அப்பிக்கொள்ளும், கையிலிருந்து கியூவின் மெல்லிய முன்பாகமான ஷாஃப்டுக்கும் துணிக்கும் பந்துக்கும் போகும். பந்து அழுக்கானால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன். கேரம்போர்டில் பவுடர் தூவிப் பழகிய கைகளுக்கும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே பவுடர் பலகைக்கு நண்பன், இங்கே துணிக்கு எதிரி.

ராகுகாலத்தைப் பற்றி ஒரு கணக்கு. பகலை எட்டாகப் பிரித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட நாட்காட்டியில் அது 4.30 முதல் 6 வரை. சிங்கப்பூரில் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் உதிக்கிறது, 7 மணி வாக்கில் மறைகிறது. அப்படிக் கணக்கிட்டால் 5.30 முதல் 7 வரை ஆகிறது. எப்படிப் பார்த்தாலும் ஆட்டம் அதில் மாட்டுகிறது என்பது வேறு விஷயம்! அம்மாவிடம் வாதாட வேண்டாம். நல்ல நேரத்தில் மூட்டையை மட்டும் முன்னதாக வேறு வீட்டில் கொண்டுபோய் வைக்கும் பரஸ்தானம் நம்மிடம் இருந்த வழக்கம்தானே. நீங்கள் 3 மணிக்கே வீட்டுப் படி தாண்டிவிடுங்கள். அம்மாவுக்கும் திருப்தி, உங்களுக்கும் மேசையில் முக்கால் மணி நேரம் கிடைக்கும். உண்மையில் நான் உங்களிடம் கேட்கும் பெரிய மாற்றமே அதுதான்.

கியூவை முந்தின இரவே பார்த்து வையுங்கள். கியூ நுனியில் உள்ள தோல் பாகமான டிப்பின் வளைவைச் சரிபார்க்க அமெரிக்காவில் நிக்கல், டைம் என்ற இரண்டு நாணயங்களை அளவாகச் சொல்வார்கள். நம் ஊரில் 2013 முதல் புழங்கும் வரிசையில் 20 காசு 21 மில்லிமீட்டர். நிக்கலுக்கு மிக அருகில். 10 காசு 18.5 மில்லிமீட்டர், டைமைவிட ஒரு மயிரிழை பெரிது. டிப்புக்குப் பின்னால் நாணயத்தை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு வளைவும் ஒத்துப்போனால் போதும். எதை வைத்துக்கொள்வது என்பது ருசி. டிப்பின் விளிம்பு காளான்போல் வெளியே பிதுங்கியிருந்தால் சீவிவிடலாம். டிப் தேய்ந்து மெலிந்துவிட்டது என்றாலும் முந்தின இரவு புது டிப் போடாதீர்கள். புதுத் தோல் அமுங்கி நிலைபெறச் சில நாள் ஆட்டம் வேண்டும். அதுவரை ஒவ்வொரு நாளும் அடி வேறுமாதிரி இருக்கும்.

ஷாஃப்டை இலேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் வேகமாகத் தேயுங்கள். வழுவழுப்பு வரவேண்டும் என்று உப்புத்தாள் போடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் மரம் கொஞ்சம் கரைகிறது. ஓராண்டில் ஷாஃப்ட் இளைத்து வேறு கியூவாகிவிடும்.

இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். ரயில் நிலையத்திலிருந்து நடந்து, உள்ளங்கை கசகசக்க நேராகக் கியூவைப் பிடித்தால் ஷாஃப்ட் விரலில் ஒட்டி ஒட்டித்தான் வரும். அதை நடுக்கம் என்று நினைத்துக்கொள்வோம். போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிருமிநாசினி ஜெல் பிசுபிசுப்பை விட்டுப்போகும், லோஷன் இன்னும் மோசம். கியூவை உறையிலிருந்து எடுத்துப் பூட்டிச் சுவரோரம் தாங்கியில் வைத்துவிட்டு, ஏசியில் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். அப்புறமும் வியர்த்தால் கியூவின் முன்பாகத்தைத் தாங்கும் பிரிட்ஜ் கைக்கு மூன்று விரல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால், அளவாக. பிரியாணியை ஜெயித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கோப்பிக்கடைக் கோப்பி கெட்டியானது. காஃபின் குடித்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சம் தொடும். படபடப்புக்காரர் கையில் அது நன்றாகவே தெரியும். 4.15க்கு ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) குடித்துவிட்டு 5 மணிக்குக் கை ஏன் ஆடுகிறது என்று கேட்கக்கூடாது. தினமும் குடிப்பவரென்றால் அன்றைக்கு அடியோடு நிறுத்தவும் வேண்டாம், தலைவலி வரும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இப்போது மேசை. இந்த இருபது நிமிடப் பயிற்சியை அவசரமில்லாமல், வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில் வெள்ளைப் பந்து மட்டும். மேசையின் நடுக்கோட்டில், பிரேக் அடிக்கும் பக்கத்துப் புள்ளியில் வைத்து, பந்தின் சரியான மையத்தில் அடித்து எதிர்க் குஷனுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்து டிப்பையே தொட வேண்டும். பத்து தடவை. உங்களுக்கு வலப்பக்கமாக விலகித் திரும்பினால், உங்களையறியாமல் வலச்சுழல் கலக்கிறீர்கள். போட்டிப் பதற்றத்தில் பிடி இறுகும்போது நடக்கும் முதல் பிசகு இதுதான். பிடியின் இறுக்கத்தைப் பத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை முட்டையைப் பிடிப்பதுபோல. குறிபார்ப்பை மாற்றாதீர்கள், பிடியைத் தளர்த்துங்கள்; பெரும்பாலும் பந்து நேராகிவிடும்.

அடுத்து லேக்: எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி, நம் பக்கக் குஷனுக்கு அருகில் நிற்கும்படி பந்தை அனுப்பும் அடி. யார் பிரேக் என்பதை முடிவுசெய்வதே அந்த அடி என்றாலும், அதைப் பயிற்சி செய்பவர்கள் குறைவு. ஒன்பது அடி மேசையில் ஆடும் பரப்பின் நீளம் 254 சென்டிமீட்டர். போய்த் திரும்புவதைச் சேர்த்தால் பந்து ஏறத்தாழ நாலரை மீட்டர் ஓடுகிறது. பக்கக் குஷனைத் தொட்டாலோ, எதிர்க் குஷனை ஒரு தடவைக்கு மேல் தொட்டாலோ, நடுக்கோட்டைத் தாண்டினாலோ அந்த லேக் செல்லாது. ஐந்தாறு தடவை அடித்தால் இரண்டு லாபம்: டாஸுக்குச் சமமான அந்த அடி கைக்கு வருகிறது, துணியின் வேகமும் கைக்கு வருகிறது. வழக்கமான பலத்துக்குப் பந்து ஒரு சாண் முன்னாலேயே நின்றால் துணி ஈரம் வாங்கியிருக்கிறது. அன்றைக்கு டிரா ஷாட் (வெள்ளைப் பந்தைப் பின்னால் திரும்ப வைக்கும் அடி) சீக்கிரம் செத்துப்போகும். பின்சுழல் வழியிலேயே உராய்வில் தீர்ந்துவிடுவதுதான் காரணம். கொஞ்சம் தாழ்வாக, கொஞ்சம் உறுதியாக அடிக்க வேண்டும். மூன்று குஷன் பில்லியர்ட்ஸ் மேசைகளில் கற்பலகைக்கு அடியிலேயே சூடேற்றி வைக்கிறார்கள், ஈரம் சேரக்கூடாதென்று. பூல் மேசைக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிறகு வெள்ளைப் பந்தை மிக மெதுவாக, பாதி மேசையில் நின்றுவிடும் அளவுக்கு, நான்கு திசையிலும் உருட்டுங்கள். கடைசி ஒரு முழத்தில் பந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சாய்வு தெரிந்தால் அந்த மூலைக்கு மெதுவான ஷாட் கிடையாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில், ரேக்கை முடிக்கும் ஒன்பதாம் எண் பந்து அப்படி விலகிப்போய் நிற்கும்போது கண்டுபிடிப்பதைவிட இது மலிவு.

பந்துகளின் அழுக்குக்கும் ஒரு சோதனை. இரண்டு பந்துகளை ஒட்டி வைத்து, அவற்றின் நேர்கோடு எதிர்க் குஷனில் ஒரு புள்ளியைக் காட்டும்படி நிறுத்துங்கள். முதல் பந்தை வெள்ளைப் பந்தால் பக்கவாட்டுக் கோணத்தில், மிதமான வேகத்தில் அடியுங்கள். இரண்டாவது பந்து அந்தப் புள்ளிக்குப் போகாமல் விலகிப் போகும். பந்தும் பந்தும் உரசும்போது ஏற்படும் இழுப்பு அது. பளபளக்கும் பந்துகளில் குறைவு, டிப்பில் பூசும் சாக் பொடி படிந்த பழைய பந்துகளில் அதிகம். பந்தைக் கோணத்தில் வெட்டி அனுப்பும் கட் ஷாட்டை மெதுவாக அடித்தால் இந்த இழுப்பு தூக்கலாக இருக்கும். விலகல் அதிகமென்றால் அன்று கட் ஷாட்களை வழக்கத்தைவிட ஒரு மயிரிழை மெலிதாக, அதாவது பந்தின் ஓரத்துக்கு இன்னும் நெருங்கிக் குறிபாருங்கள். நடத்துபவர்கள் பந்துகளைத் துடைத்துத் தரச் சம்மதித்தால் இன்னும் நல்லது. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் பாக்கெட்டுக்குப் பந்து. அரை மேசைத் தூரத்தில் நேரான ஷாட்: வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே நிற்கும்படி ஐந்து, பின்தொடரும்படி ஐந்து, பின்னால் திரும்பும்படி ஐந்து. கடைசியில் பிரேக், மூன்றே மூன்று. முழு பலத்தோடு ஐந்தாறு பிரேக்கில் ஆரம்பித்தீர்கள் என்றீர்களே, அதுதான் உங்கள் பழக்கங்களிலேயே அதிகம் கெடுக்கிறது. தோள் இறுகிவிடுகிறது, மென்மையான அடிக்குத் தேவையான கை மழுங்கிவிடுகிறது, ஏற்கெனவே ஏறியிருக்கும் துடிப்பு இன்னும் ஏறுகிறது. பிரேக்கில் பார்க்க வேண்டியது வெள்ளைப் பந்து மேசை நடுவில் நிற்கிறதா, முன் பந்தில் முழுசாகப் படுகிறதா என்பதைத்தான். நடுவில் நிற்கவில்லையென்றால் பலத்தைக் கால்வாசி குறைத்துப் பாருங்கள். இத்தனைக்கும் நேரமே கொடுக்காத லீக் என்றால் லேக் மூன்று, மெதுவான உருட்டல் இரண்டு, டிரா ஒன்று. அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

சாக் பற்றி ஒரு வார்த்தை. சாக் கட்டியைக் குடைவதுபோல் டிப்பில் திருகுகிறார்கள். கட்டியில் குழி விழும், டிப்பின் விளிம்பில் சாக் ஏறாது. விளிம்புதான் சுழல் அடிக்கும்போது பந்தைத் தொடும் பாகம். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், மையத்திலிருந்து ஏறத்தாழ 14 மில்லிமீட்டருக்கு மேல் விலகி அடித்தால் நல்ல சாக் இருந்தாலும் டிப் வழுக்கும். விளிம்பில் சாக் இல்லாவிட்டால் அதற்கு முன்பே வழுக்கும். உதட்டுச்சாயம் பூசுவதுபோல் தடவி, பூசிய பின் டிப்பைக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும்.

அந்தச் சாக் பூசும் ஐந்து விநாடியைத்தான் உங்கள் மனப்பயிற்சியின் நடுக்கம்பமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். முடிவுகள் எல்லாம் நின்றபடியே முடிய வேண்டும்: எந்தப் பந்து எந்தப் பாக்கெட், வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும், என்ன வேகம், என்ன சுழல். சாக் கட்டியைக் கீழே வைத்தால் யோசனை முடிந்தது என்று அர்த்தம். பிறகு, குறிபார்க்கும் கோட்டில் கால் வைத்துக் குனியுங்கள். இரண்டு மூன்று ஒத்திகை வீச்சு, வெள்ளைப் பந்தின் அருகில் ஒரு நிறுத்தம், பார்வை அடிக்க வேண்டிய பந்துக்குப் போய் நிலைக்கட்டும், பிறகு அடி. அடித்த பின்னும் பந்து விழும் சத்தம் கேட்கும்வரை தலை தூக்காதீர்கள். குனிந்த பிறகு ‘கொஞ்சம் வலச்சுழல் போட்டால் என்ன’ என்று ஒரு எண்ணம் வந்தால் எழுந்துவிடுங்கள். மறுபடியும் சாக்கிலிருந்து. எழுந்திருக்கச் சோம்பல்பட்டே தவறவிட்ட பந்துகள் ஏராளம்.

கடைசிப் பார்வை நிலைப்பது வெறும் பாங்கு அல்ல. கனடாவின் ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் ‘அமைதியான கண்’ என்று பெயரிட்டு ஆராய்ந்த விஷயம் இது. பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களை வைத்து 2002இல் வெளியான ஓர் ஆய்விலும், தேர்ந்தவர்கள் அடிப்பதற்கு முன் பார்வையை நீண்ட நேரம் ஊன்றியிருப்பது தெரிந்தது. அவசரப்படுத்தினால் அந்த நேரம் சுருங்கி, ஆட்டமும் கெட்டது. பதற்றம் செய்வதும் அதையேதான்: கண் இரண்டு பந்துக்கும் நடுவில் ஊசலாடும். ஆகவே வீட்டில் பயிற்சி செய்யும்போதே ஒரு ஷாட்டுக்கு உங்களுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று நண்பரை எண்ணச் சொல்லுங்கள். பெரிய போட்டிகளில் ஷாட் கடிகாரம் 30 விநாடி என்று வைப்பது வழக்கம். சாதாரண ஷாட்டுக்கு 15 முதல் 20 விநாடி என்றால் வசதி. போட்டியின் முதல் ரேக்கில் அது 8 விநாடியாகிறது என்றால் உங்கள் நடுக்கத்துக்குப் பெயர் அவசரம்.

முதல் ரேக்கில் ஆடும் விதத்தையும் மாற்றுங்கள். நடுக்கம் மெதுவான, மெல்லிய ஷாட்களைத்தான் முதலில் பிடிக்கும். எனவே அந்த ரேக்கில் பக்கச்சுழலைத் தவிர்த்து, மையத்தில் அடித்து, இயல்பான கோணத்தில் வெள்ளைப் பந்தைப் போக விடுங்கள். நடுவேகம். சந்தேகமான கட் ஷாட்டுக்குப் பதில் சேஃப்டி, அதாவது எதிராளிக்கு எளிதான ஷாட் கிடைக்காதபடி விடும் தற்காப்பு அடி. பிரிட்ஜ் கையின் அடிப்பாகத்தையும் விரல் நுனிகளையும் துணியில் நன்றாக ஊன்றுங்கள். தூக்கலான, தளர்ந்த பிரிட்ஜ்தான் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். நாற்காலியில் இருக்கும்போது நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஏழெட்டு எண்ணும்வரை விடுங்கள். மூன்று முறை போதும். துடிப்பு இறங்குவது மூச்சை விடும்போதுதான், இழுக்கும்போது அல்ல. குனிந்த பிறகு மூச்சை அடக்கித் திணற வேண்டாம். வெளியே விட்டு முடிந்த அந்த இயல்பான இடைவெளியில் அடியுங்கள்.

நாற்காலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆட்டத்தில் ஏறத்தாழ பாதி நேரம் அதில்தான் போகிறது. 2021 யுஎஸ் ஓப்பன் பூல் போட்டியின் இறுதியாட்டத்தில் நம் சிங்கப்பூரின் அலோய்சியஸ் யாப் 8-3 என்று முன்னிலையில் இருந்தார். பிலிப்பீன்ஸின் கார்லோ பியாடோ அடுத்த 10 ரேக்கையும் வரிசையாக எடுத்து 13-8 என்று கோப்பையைக் கொண்டுபோனார். அந்த மட்டத்திலேயே அப்படி நடக்கும் என்றால், 0-2 என்று பின்தங்குவதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எதிராளி ஆடும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், விழும் பந்தையும் பார்க்காதீர்கள். வெள்ளைப் பந்தை மட்டும் பாருங்கள். குஷனில் பட்டு எவ்வளவு தூரம் ஓடியது, எங்கே நின்றது என்று. அவர் செலவில் மேசையைப் படிக்கலாம். இரண்டு காலும் தரையில், கியூவைத் துடைக்க ஒரு துணி, ஒரு மிடறு தண்ணீர். கைபேசி பைக்குள். ‘எத்தனைக்கு எத்தனை?’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா கேட்பார். ஆட்டம் முடிந்து பதில் சொன்னால் போதும்.

பாட்டு கேட்கலாம். ஆனால் மேசைக்குப் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால் நிறுத்திவிடுங்கள். துள்ளலான பாட்டென்றால் அந்தத் தாளம் கைவீச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியாக அந்த டி-ஷர்ட். மேசையில் குனியும்போது தோளைப் பிடிக்கவில்லை, தொங்கி பந்தைத் தொடவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள்; உடை பந்தைத் தொட்டாலும் ஃபவுல்தான். காலர் வைத்த சட்டைதான் வேண்டும் என்று சில போட்டிகளில் கேட்பார்கள், முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அதிர்ஷ்டம் போய்விடும் என்று துவைக்காமல் வைத்திருந்தால், தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் துவைத்துவிடுங்கள்.